கிரீட்டின் புதிய கஸ்டெலி விமான நிலையம்: இடம் சரி, வேலை நடந்த வரிசை சரியா?

மேட்டுநிலம்:

கிரீட் தீவில் ஹெராக்லியோன் நகரத்திலிருந்து தென்கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் உள்ளே போனால் கஸ்டெலி என்ற ஊர் வரும். ஆலிவ் தோப்புகளும் சின்னச் சின்ன ஊர்களுமாக இருக்கும் பெதியாதா சமவெளி அது. தீவின் புதிய சர்வதேச விமான நிலையம் அங்கேதான் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2020 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. முதலில் ஐந்து வருடத்தில் முடியும் என்றார்கள், அப்புறம் 2027 என்றார்கள், இப்போது 2028 என்கிறார்கள். கட்டுவது கிரேக்கத்தின் தெர்னா நிறுவனமும் இந்தியாவின் ஜிஎம்ஆரும், கிரேக்க அரசுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நிலையத்தை மாற்றியே ஆக வேண்டும், கஸ்டெலியைத் தேர்ந்தெடுத்ததிலும் தப்பில்லை. ஆனால் வேலை நடந்த வரிசை தப்பு. ரன்வே எங்கே, முனையம் எங்கே, ராடார் எங்கே என்று வரைந்து, ஏலம் விட்டு, கையெழுத்தும் போட்ட பிறகுதான் ராடாருக்குக் குறித்த பாப்பூரா குன்றுக்குள் என்ன இருக்கிறது, தண்ணீர் போதுமா, சாலை தாங்குமா என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்து ஏதாவது தென்பட்டால் விட்டுக்கொடுக்க வேண்டியது எப்போதும் நிலமாகவே இருக்கிறது, ஏனென்றால் வரைபடத்தை மாற்றினால் அரசு நஷ்டஈடு கட்ட வேண்டிவரும்.

பழைய நிலையம் பற்றித் தெரியாதவர்களுக்கு: எழுத்தாளர் நிக்கோஸ் கசான்ட்சாகிஸ் பெயரில் இருக்கும் ஹெராக்லியோன் நிலையம், ஏதென்ஸுக்கு அடுத்து கிரேக்கத்திலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் இடம். 1930களின் கடைசியில் வெறும் ஓடுகளமாகத் தொடங்கியது. நகர மையத்திலிருந்து 5 கிலோமீட்டர்தான், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நேயா அலிகர்னாசோஸ் குடியிருப்பு. நீட்டவும் வழியில்லை, அகலப்படுத்தவும் வழியில்லை. கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 70 லட்சத்துக்கு மேல் பயணிகள், அதிலும் பெரும்பகுதி ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைக்குள். தீவின் மொத்த மக்கள்தொகையே 6 லட்சத்துச் சொச்சம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பாப்பூரா குன்று பற்றி யாராவது விவரமாக எழுதினால் நல்லது.

ரன்வே_ஒன்பது:

இடத் தேர்வைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கஸ்டெலியில் ஏற்கெனவே ஓடுகளம் இருக்கிறது, கிரேக்க விமானப்படையின் தளம். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது பயன்படுத்திய களம். 1942 ஜூனில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் கஸ்டெலி, ஹெராக்லியோன் விமான தளங்களுக்குள் ஒரே வாரத்தில் புகுந்து விமானங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆக, விமானம் இறங்கும் இடமாக அந்தச் சமவெளியைப் பலரும் பல காலமாகப் பார்த்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு அமைச்சர் விரலை வைத்துக் காட்டிய இடம் இல்லை.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் புது ரன்வே 3,200 மீட்டர். பழையது 2,700 மீட்டரை ஒட்டி. 500 மீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பார்கள். கஸ்டெலி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோடையில் 35 டிகிரியைத் தாண்டும். உயரமும் சூடும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைக்கு அதே தூக்குவிசை கிடைக்க அதிக வேகம் வேண்டும், அதிக வேகத்துக்கு அதிக ஓட்டம் வேண்டும். முழு எடையோடு நீண்ட தூரம் பறக்கிற விமானத்துக்கு அந்தக் கூடுதல் நீளம் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

அப்புறம் காற்று. ஹெராக்லியோனில் தெற்குக் காற்று பலமாக அடித்தால் மலையைத் தாண்டி வரும்போது சுழன்று விழும், விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போன நாட்கள் உண்டு. கஸ்டெலியைச் சுற்றியும் மலைகள் இருக்கின்றன, அதனால் அங்கே தொந்தரவே இருக்காது என்று சொல்ல மாட்டேன்.

கல்வெட்டுக்காரி:

பாப்பூரா பற்றி நான் எழுதுகிறேன், இதில்தான் எனக்கு உயிர்.

2024 ஜூனில் கிரேக்கக் கலாச்சார அமைச்சகம் படங்களோடு அறிவித்தது. கஸ்டெலிக்குப் பக்கத்தில் 494 மீட்டர் உயரமுள்ள பாப்பூரா குன்றின் உச்சி. விமான நிலையத்துக்கு ராடார் வைக்கத் தேர்ந்தெடுத்த இடம். தோண்டியபோது கிடைத்தது வட்டமான ஒரு கல் கட்டுமானம்: 48 மீட்டர் விட்டம், ஏறக்குறைய 1,800 சதுர மீட்டர் பரப்பு, ஒன்றுக்குள் ஒன்றாக எட்டுக் கல் வளையங்கள். சுவர்களின் கனம் சராசரி 1.4 மீட்டர், சில இடங்களில் 1.7 மீட்டர் உயரம் வரை இன்னும் நிற்கிறது. நடுவில் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டக் கட்டடம், அது நான்காகப் பிரிந்திருக்கிறது. வளையங்களுக்குக் குறுக்கே வேறு சுவர்கள் ஓடி, சின்னச் சின்ன அறைகளாகவும் குறுகலான வாசல்களாகவும் பிரித்திருக்கின்றன. மேலேயிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள், வெட்டிய மரத்தின் வருட வளையங்கள் போலத் தெரியும்.

காலம் பொதுயுகத்துக்கு முன் 2000க்கும் 1700க்கும் நடுவில், கினோசோஸ், பைஸ்டோஸ் அரண்மனைகள் முதன்முதலாக எழுந்த காலகட்டம். கிரீட்டின் பழைய நாகரிகமான மினோவன் நாகரிகத்தில் இப்படியொரு அமைப்பு இதற்கு முன் கிடைத்ததில்லை, மெசாரா சமவெளியில் கிடைத்த வட்டக் கல்லறைகளோடு ஓரளவு ஒப்பிடலாம், அவ்வளவுதான். விலங்கு எலும்புகள் நிறையக் கிடைத்திருப்பதால், அவ்வப்போது கூடி விருந்தும் படையலும் நடத்திய பொது இடமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். குன்றின் உச்சி, சுற்றிலும் ஊர்கள், நடுவில் எல்லோரும் ஏறிவந்து கூடுகிற இடம். யோசித்துப் பாருங்கள், அதன் முழுப் பொருளும் அந்த உயரத்திலும் அங்கிருந்து விரியும் காட்சியிலும்தான் இருக்கிறது.

அறிவிப்பு வந்தபோது கலாச்சார அமைச்சர் லினா மெண்டோனி, சின்னம் காப்பாற்றப்படும், ராடாருக்கு வேறு இடம் பார்க்கப்படும் என்ற பொருளில்தான் பேசினார். 2025இல் என்ன ஆனது? மத்திய தொல்லியல் சபை ராடாரை அதே குன்றிலேயே, சின்னத்தைத் தொடாமல் பக்கத்தில் வைக்க ஒப்புதல் கொடுத்தது. கிரேக்கத் தொல்லியலாளர் சங்கமும் ஊர்க்காரர்களும் எதிர்த்தார்கள். சுவரைத் தொடவில்லை என்பதால் மட்டும் அந்தச் சின்னம் பிழைத்துவிட்டது என்று ஆகாது. நாலாயிரம் வருடம் வெட்டவெளியாக இருந்த உச்சியில் கோபுரம், வேலி, வண்டிப்பாதை, மின்கம்பி எல்லாம் வந்த பிறகு மிஞ்சுவது காட்சிக்கு வைத்த கற்கள் மட்டும்தான்.

மேட்டுநிலம் அண்ணா சொன்ன வரிசைதான் இங்கேயும் பிரச்சினை. ராடார் இடத்தை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே தோண்டிப் பார்த்திருந்தால் மாற்றுவதற்கு வருடக்கணக்கில் நேரம் இருந்திருக்கும்.

ரன்வே_ஒன்பது:

தோழி, உங்கள் எழுத்தில் இருக்கும் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஒரு கேள்வியை நேராகக் கேட்கிறேன். விமான நிலையம் வராமல் போயிருந்தால் பாப்பூரா கிடைத்திருக்குமா? அந்தக் குன்றின் உச்சியைத் தோண்ட யார் பணம் கொடுத்திருப்பார்கள்? கிரேக்கத்தில் 3028/2002 என்ற தொல்பொருள் சட்டப்படி பெரிய பொதுப்பணி எதுவானாலும் தொல்லியலாளர்கள் களத்தில் இருக்க வேண்டும், அகழ்வுச் செலவையும் அந்தத் திட்டமே ஏற்க வேண்டும். நிலையத்துக்கும் அதன் சாலைகளுக்கும் தோண்டியதில் பாப்பூராவைத் தவிர இன்னும் 35 தொல்லியல் இடங்கள் கிடைத்ததாக அதே அமைச்சகம் சொன்னது. ஏதென்ஸ் மெட்ரோவுக்குத் தோண்டியதால்தான் அங்கே அத்தனை பொருட்கள் வெளியே வந்து நிலையங்களிலேயே காட்சிக்கு இருக்கின்றன. கிரீட்டில் எங்கே மண்வெட்டி போட்டாலும் ஏதாவது கிடைக்கும். எல்லாவற்றையும் முதலில் தோண்டி முடித்துவிட்டுத்தான் வரைவோம் என்றால் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கட்ட முடியாது.

ராடார் ஏன் குன்றில் என்பதையும் சொல்ல வேண்டும். வான்கண்காணிப்பு ராடார் நேர்கோட்டில்தான் பார்க்கும். கிழக்கே லசித்தி மலைகள் 2,000 மீட்டருக்கு மேல் நிற்கின்றன, மற்றப் பக்கங்களிலும் குன்றுகள். தாழ்வான இடத்தில் வைத்தால் மலைக்குப் பின்னால் வரும் விமானம் நிழலில் மறைந்துவிடும். இறங்க வரும் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் கடைசிக் கட்டம் வரை விடாமல் பார்த்தாக வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது.

மேட்டுநிலம்:

> எல்லாவற்றையும் முதலில் தோண்டி முடித்துவிட்டுத்தான் வரைவோம் என்றால் ஒரு பள்ளிக்கூடம்கூடக் கட்ட முடியாது.

எல்லாவற்றையும் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு விமான நிலையத்தில் இடம் மாற்றவே முடியாதவை சில இருக்கின்றன, ரன்வே அதில் முதல். ராடார் அப்படியில்லை, மாற்று இடங்கள் இருக்கும், ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் மட்டமாக இருக்கலாம். மாற்றக்கூடிய ஒன்றுக்கு, அதுவும் மினோவன் ஊர்கள் நிறைந்த வட்டாரத்தில் தனித்து நிற்கும் ஒரு குன்றின் உச்சியைக் குறித்துவைக்கும்போது, இரண்டு மூன்று சோதனைக் குழிகள் முன்கூட்டியே போட்டிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. கூப்பிடு தூரத்தில் லிட்டோஸ் இருக்கிறது, பழங்காலக் கிரீட்டின் பெரிய நகர அரசுகளில் ஒன்று. இங்கே எதுவும் கிடைக்காது என்று யாரும் நினைத்திருக்க நியாயமில்லை.

கண்டுபிடிப்பே திட்டத்தால்தான் வந்தது என்பது உண்மை. அதற்காக, கண்டுபிடித்தவர்களுக்கே அதை என்ன வேண்டுமானாலும் செய்யும் உரிமை வந்துவிடாது.

ராடார் விஷயத்தில் உங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். பல இடங்களில் சின்ன ஏற்பிகளை வைத்து விமானம் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறதல்லவா, மலைப்பகுதிகளில் அதைத்தானே வைக்கிறார்கள்? இங்கே ஏன் கூடாது?

ரன்வே_ஒன்பது:

இருக்கிறது. மல்டிலேட்டரேஷன் என்பார்கள். விமானத்திலிருக்கும் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் சிக்னல் தரையில் நாலைந்து இடங்களில் இருக்கும் ஏற்பிகளுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு ஏற்பியும் ஒரு கம்பத்தில் மாட்டுகிற அளவுதான், ராடார் கோபுரம் மாதிரி பெரிய அடித்தளம் வேண்டாம். ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ருக் போல மலைக்குள் இருக்கும் நிலையங்களில் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயம். ஏற்பிகள் பல உச்சிகளில் பரவியிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், தகவல் இணைப்பு, போய்வரப் பாதை வேண்டும். ஆக ஒரு குன்றுக்குப் பதில் ஐந்து குன்று. இன்னொன்று, டிரான்ஸ்பாண்டர் இல்லாத அல்லது அணைந்துபோன விமானத்தை அது பார்க்காது. பக்கத்திலேயே போர் விமானங்கள் பறக்கும் தளம் இருக்கும்போது அதை மட்டும் நம்பி இருக்கலாமா என்பது சின்னக் கேள்வியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: வேறு குன்றில் வைக்கவே முடியாது என்று கணக்கோடு யாரும் பொதுவில் விளக்கி நான் பார்க்கவில்லை. மாற்று இடங்களின் பட்டியலும் ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு வான்பரப்பு தெரியும் என்ற வரைபடமும் வெளியிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பேரேடு:

பணம் பக்கம் யாரும் வரவில்லையே. பங்கு விவரம் இது: கிரேக்க அரசு 45.9 சதவீதம், தெர்னா 32.46, ஜிஎம்ஆர் 21.64. மூன்றும் சேர்ந்த ஒரு உரிம நிறுவனம், கட்டுமானக் காலத்தையும் சேர்த்து 35 வருட உரிமை. இப்போதைய நிலையத்தில் பயணிகள் டிக்கெட்டோடு சேர்த்துக் கட்டும் மேம்பாட்டு வரியும் திட்டத்துக்கு நிதியாகப் போகிறது, அதாவது பழைய நிலையத்தின் பயணிகள் புதிய நிலையத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு பிராபோர்ட் விஷயத்தை ஒப்பிட்டால்தான் முழுப்படம் தெரியும். 2015 கடைசியில், கடன் நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரத்தில், கிரேக்கம் 14 பிராந்திய விமான நிலையங்களை ஜெர்மனியின் பிராபோர்ட்டும் கிரேக்கக் கூட்டாளியும் சேர்ந்த நிறுவனத்துக்கு 40 வருடத்துக்குக் கொடுத்தது. முன்பணம் மட்டும் 123.4 கோடி யூரோ. 2017 ஏப்ரலில் கைமாறியது. கோர்ஃபு, ரோட்ஸ், கோஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி, ஸ்கியாதோஸ், கிரீட்டிலேயே இருக்கும் ஹானியா எல்லாம் அதில் அடக்கம். ஹெராக்லியோன் அதில் இல்லை. அதை அரசு கையிலேயே வைத்துக்கொண்டு கஸ்டெலிக்கு வழி பார்த்தார்கள். 14 நிலையங்களையும் 2021 தொடக்கத்துக்குள் புதுப்பித்து முடித்துவிட்டார்கள், கொரோனா நடுவில் வந்தும்கூட. கஸ்டெலி இன்னும் முடியவில்லை. பழையதைச் செப்பனிடுவதும் புதிதாகக் கட்டுவதும் ஒன்றில்லை, அதனால் தாமதத்தை மட்டும் வைத்து ஒரு பக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜிஎம்ஆர் பற்றி இந்திய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், டெல்லியும் ஹைதராபாதும் அவர்கள் கையில். சுற்றுலாத் தீவு ஒன்றில் அவர்களுக்கு இதற்கு முன் நடந்ததையும் நினைவில் வையுங்கள். மாலத்தீவின் மாலே நிலையத்துக்கு 2010இல் 25 வருட ஒப்பந்தம் போட்டார்கள், ஆட்சி மாறிய பிறகு 2012இல் அரசு அதை ரத்து செய்தது. சிங்கப்பூரில் நடுவர் மன்றம் வரை போய், 2016இல் ஏறக்குறைய 27 கோடி டாலர் மாலத்தீவு கொடுக்க வேண்டிவந்தது. ஒரு சின்ன நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! கிரேக்க அமைச்சர்கள் ராடார் இடத்தை மாற்றத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த மாதிரிக் கணக்குகள்தான் ஞாபகம் வருகின்றன. கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை உண்டு. மேட்டுநிலம் சொல்லும் வரிசை என்பது என் பார்வையில் பணக் கேள்விதான்: எதை எல்லாம் மாற்றலாம், யார் செலவில் மாற்றலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தால் குன்றும் பிழைக்கும், கஜானாவும் பிழைக்கும்.

கடற்கரைச்சாலை:

வணக்கம். நான் கிரீட்டின் வடகரையில் இருக்கும் ஹெர்சோனிசோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். படித்தவர்கள் பேசும் இடத்தில் எழுதத் தயக்கம்தான், ஆனாலும் இங்கே கண்ணால் பார்ப்பதைச் சொல்லலாமே.

எங்களுக்கு முதல் கவலை தண்ணீர். இந்தப் பக்கம் ஹெராக்லியோன், ஹெர்சோனிசோஸ், ஆகியோஸ் நிக்கோலாவோஸ் வரைக்கும் அபொசெலெமிஸ் அணையிலிருந்துதான் குடிநீர் வருகிறது. அந்த அணை கட்டியபோது ஸ்ஃபெந்திலி என்று ஒரு ஊர் முழுகிப்போனது. கடந்த சில வருடங்களில் மழை சரியாக இல்லை, தண்ணீர் இறங்க இறங்க முழுகிய வீடுகளின் சுவர்கள் சேற்று நிறத்தில் வெளியே தெரிந்தன, போய்ப் பார்த்தவர்கள் படம் எடுத்து வந்து காட்டினார்கள். அந்த மாதிரிக் கோடையில் எங்கள் சமையலறையில் குழாயில் அழுத்தம் குறைந்து, பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் தட்டு கழுவினோம். வெளியே நீச்சல் குளம் நிரம்பித்தான் இருந்தது, விருந்தாளி காசு கொடுத்து வந்திருக்கிறார், அதைக் காலியாக வைக்க முடியாது என்று முதலாளி சொன்னார். பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் அம்மா, தன் வீட்டு ஆலிவுக்கு இந்த வருடம் தண்ணீர் விட முடியவில்லை, காய் எல்லாம் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

புது ஏர்போர்ட் வந்தால் ஆள் இன்னும் அதிகம் வருவார்கள். எனக்கு வேலை கிடைக்கும், அது எனக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்களா?

மேட்டுநிலம்:

கடற்கரைச்சாலை, தயக்கமே வேண்டாம், இந்த இழையில் நீங்கள் எழுதியதுதான் மிக முக்கியமானது.

அபொசெலெமிஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த அணைக்கு அதன் சொந்த ஓடையின் தண்ணீர் மட்டும் போதாது என்பதால், லசித்தி மேட்டுநிலத்தில் மழைக்காலத்தில் தேங்கும் நீரைச் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுவரும் ஏற்பாடு. அதாவது மலைமேல் பனியும் மழையும் குறைந்தால் இங்கே நேராக அடி விழும். மழையும் பனியும் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து குறைந்தால் தாங்கும் சேமிப்பு அதில் இல்லை, அதைத்தான் சமீபத்துக் கோடைகளில் பார்த்தோம்.

என் கேள்வி இது. ரன்வே ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறோம், முனையம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்குப் போடுகிறோம். புது நிலையத்துக்கு ஆண்டுக்கு ஒரு கோடி, அப்புறம் அதற்கும் மேலே என்றுதான் பேச்சு. ஆகஸ்டு மாதம் தீவின் கிழக்குப் பாதி எத்தனை பேருக்குத் தண்ணீர் கொடுக்க முடியும் என்ற கணக்கும் அதே கோப்பில், அதே தாளில் இருக்க வேண்டாமா? விமான நிலையம் தண்ணீர் குடிக்காது, அது கொண்டுவரும் ஆட்கள் குடிப்பார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு என்ற பெயரில் வேலிக்குள் இருக்கும் நிலத்தை மட்டும் பார்த்துவிட்டு, வேலிக்கு வெளியே நடக்கப்போவதை அந்தந்த நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ரன்வே_ஒன்பது:

இதில் உங்களோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மிச்சக் கால்வாசி: விமான நிலையத்தைச் சின்னதாகவே வைத்தால் ஆட்கள் வராமல் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஹெராக்லியோன் பல வருடமாகத் திணறிக்கொண்டிருந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. நெரிசலும் தாமதமும் கூடியது, நேயா அலிகர்னாசோஸில் தூக்கம் கெட்டது, அவ்வளவுதான். ஆட்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் படுக்கைகளைக் கட்டுப்படுத்த வேண்டும், புது ஹோட்டல் அனுமதியில் கை வைக்க வேண்டும். ரன்வேயைக் குறுக்கினால் அது நடக்காது.

கல்வெட்டுக்காரி:

படுக்கைகளைக் கட்டுப்படுத்துவது என்றைக்கு நடந்திருக்கிறது? நிலையம் திறந்தால் முதலீடு வரும் என்று சொல்லித்தான் திட்டத்தையே விற்கிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

ஊர்க்காரர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். 2021 செப்டம்பர் 27 அன்று கஸ்டெலிக்குப் பக்கத்து அர்கலோஹோரியில் ரிக்டர் 6ஐ ஒட்டிய நிலநடுக்கம். ஒருவர் இறந்தார், பழைய கல்வீடுகள் ஏராளமாக விரிசல் விட்டு, குடியிருக்க லாயக்கில்லாமல் போயின. ஜனங்கள் கண்டெய்னர் வீடுகளுக்குப் போனார்கள். தங்கள் வீடு எப்போது எழும்பும் என்று காத்திருந்தவர்களின் கண்ணெதிரே சமவெளியில் லாரிகள் ராப்பகலாகப் போய்க்கொண்டிருந்தன. நிலமும் போய், வீடும் போன குடும்பத்துக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்? அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நிலையத்தை எதிர்க்கிறார்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று காத்திருப்பவர்களும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஆனால் த்ராப்சானோவில் பெரிய மண் ஜாடி வனைகிறவர்களோ, ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிறவர்களோ, அந்த வட்டாரம் எதை வைத்துப் பிழைத்துவந்ததோ அதற்கு இந்தத் திட்டத்தில் ஒரு வரி இடமாவது இருக்கிறதா என்று தேடினால் கிடைக்கவில்லை.

பேரேடு:

சாலை பற்றிக் கேட்டிருந்தீர்கள் மேட்டுநிலம். நிலையத்தை ஹெர்சோனிசோஸ் பக்கம் வடக்கு நெடுஞ்சாலையோடு இணைக்கும் சாலை திட்டத்திலேயே இருக்கிறது. சிக்கல் அந்த நெடுஞ்சாலைதான். தீவின் வடகரை முழுக்க ஓடும் ஒரே பெரிய சாலை, பல இடங்களில் நடுத்தடுப்பு இல்லாத, ஓரத்துத் தடத்தில் ஒதுங்கி வழிவிட்டு ஓட்டும் சாலை. கிரேக்கத்திலேயே விபத்துக்குப் பெயர்போனது. அதைப் புதுப்பிக்கும் ஒப்பந்தங்கள் தனித்தனியாக, ஹெர்சோனிசோஸிலிருந்து நேயாபோலி வரை ஒன்று, மேற்கே ஹானியா வரை இன்னொன்று என்று போகின்றன. நிலையம் முதலில் திறந்து சாலை பின்னால் வந்தால், இரவு விமானத்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, தெரியாத மலைச் சாலையில் ஓட்டும் விருந்தாளிகள் எத்தனை பேர் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கடற்கரைச்சாலை:

அதை நானும் சொல்ல நினைத்தேன். இப்போது ஹெராக்லியோனிலிருந்து இங்கே பஸ் அடிக்கடி இருக்கிறது, எங்களைப் போலக் கார் இல்லாத வேலைக்காரர்கள் அதை நம்பித்தான் இருக்கிறோம். சீசன் முடிந்து ஊருக்குப் போகும்போது காலை விமானம் என்றால்கூடப் பஸ்ஸிலேயே ஏர்போர்ட் போய்விடலாம். கஸ்டெலிக்கு ராத்திரி பஸ் இருக்குமா? டாக்சிதான் என்றால் எங்கள் ஒரு நாள் கூலி போய்விடும்.

அப்புறம் பழைய ஏர்போர்ட் இடத்தை என்ன செய்யப்போகிறார்கள்? கடலை ஒட்டிய அவ்வளவு பெரிய நிலம்.

மேட்டுநிலம்:

பஸ் விஷயம் நல்ல கேள்வி, இதை நகராட்சிகளும் தொழிற்சங்கங்களும் இப்போதே கேட்டு வாங்க வேண்டும், திறந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

பழைய இடம் பற்றி: ஏதென்ஸில் என்ன நடந்தது என்று பார்த்தால் தெரியும். எல்லினிக்கோன் நிலையத்தை 2001 மார்ச்சில் மூடினார்கள். நகரத்துக்கு ஒரு பெரிய பூங்கா என்று பேசப்பட்ட கடற்கரை நிலம் அது. 2004 ஒலிம்பிக்குக்குக் கொஞ்சம் பயன்பட்டு, அப்புறம் வருடக்கணக்கில் சும்மா கிடந்து, அகதிகள் தங்கும் இடமாக இருந்து, கடைசியில் கடன் நெருக்கடியில் விற்கப்பட்டு, இப்போது அடுக்குமாடிகளும் கடைவளாகமும் கேசினோவும் நடுவில் ஒரு பூங்காவுமாக எழும்புகிறது. ஹெராக்லியோனிலும் அதே மாதிரி முடியாமல் இருக்க வேண்டுமென்றால், கடைசி விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே அந்த நிலம் யாருக்கு, எதற்கு என்று சட்டமாக எழுதிவைக்க வேண்டும். நேயா அலிகர்னாசோஸ் மக்கள் 1920களில் சிறிய ஆசியாவின் அலிகர்னாசோஸிலிருந்து, இன்றைய துருக்கியின் போத்ரூமிலிருந்து, அகதிகளாக வந்து குடியேறியவர்களின் வம்சம். இத்தனை காலம் தலைக்கு மேல் சத்தத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். கடற்கரையில் முதல் உரிமை அவர்களுக்குத்தான் என்பது என் நிலைப்பாடு, இதில் நான் நடுநிலை இல்லை.

கல்வெட்டுக்காரி:

சரி, நாம் ஏதாவது உருப்படியாகச் செய்யலாமா? ரன்வே_ஒன்பது சொன்ன அந்த மாற்று இடங்களின் வரைபடம், எந்தக் குன்றிலிருந்து எவ்வளவு வான்பரப்பு தெரியும் என்பது, அதைப் பொதுவில் கிடைக்கும் நில உயரத் தரவை வைத்து நாமே போட்டுப் பார்க்க முடியுமா?

ரன்வே_ஒன்பது:

முடியும். நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசம், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு குன்றின் உச்சியையும் கொடுத்து, கோபுரத்துக்கு 25 மீட்டர் சேர்த்து, ஓடுபாதையின் இரு முனையிலும் இறங்கும் பாதையின் மேல் எங்கே நிழல் விழுகிறது என்று பார்க்கலாம். ராடார் நிபுணர் போடும் கணக்குக்கு இது ஈடாகாது, அலைச் சிதறல், எதிரொலி எதுவும் இதில் வராது. ஆனால் பாப்பூராவை விட்டால் வேறு வழியே இல்லையா, அல்லது இரண்டு மூன்று உச்சிகள் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். பாப்பூரா உட்பட ஆறேழு உச்சிகளை எடுத்துக்கொள்கிறேன். லிட்டோஸ் இருக்கும் மேட்டைச் சேர்க்கவில்லை, அதைத் தொடக்கூடாது. வேறு எந்தக் குன்றில் ஏற்கெனவே தொல்பொருள் பதிவாகியிருக்கிறது என்று கல்வெட்டுக்காரி ஒரு பட்டியல் கொடுத்தால் அவற்றையும் முதலிலேயே நீக்கிவிட்டு ஆரம்பிக்கிறேன்.